ஆங்கிலப் பேப்பரில் 'கட்' வந்தால்: வீட்டில் உதவும் குறிப்புகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்காக ஆங்கிலப் பேப்பர் வாங்குகிற வீடுகள் நம்மிடம் நிறைய. அதன் அரசியல் பக்கத்திலும் வணிகப் பக்கத்திலும் ஓயாமல் வருகிற வினைச்சொல் 'கட்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து என்பதால் எந்தக் குறுகிய தலைப்பிலும் அடங்கிவிடும். வட்டி, வரி, வேலை, எண்ணெய், மானியம், புகை எல்லாமே அங்கே 'கட்' ஆகின்றன. யு.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. சறுக்குவதும் அங்கேதான். பேப்பரும் பேனாவுமாக உட்காருகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. தலைப்பைப் படிக்கும்போது முதலில் காலத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத் தலைப்பில் நிகழ்காலம் என்பது நடந்து முடிந்ததைச் சொல்வது. 'ஆர்.பி.ஐ. கட்ஸ் ரேட்' என்றால் வட்டியைக் குறைத்தாயிற்று. 'டு கட்' என்றால் இனிமேல்தான். 'மே கட்' என்றால் யாரோ ஒரு நிபுணரின் ஊகம், அவ்வளவே. இந்தச் சொல்லுக்கு இறந்தகாலமும் 'கட்'தான், பெயர்ச்சொல்லும் 'கட்'தான். பின்னால் 'ஸ்' ஒட்டியிருக்கிறதா, முன்னால் 'டு' நிற்கிறதா என்பதே துப்பு. 'மே கட்' செய்தியை நம்பி வீட்டுக் கடனைத் தள்ளிப்போடுவது உங்கள் விருப்பம். நான் செய்ய மாட்டேன்.

2. 'கட் பை' வேறு, 'கட் டு' வேறு. முதலாவது எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எதில் வந்து நின்றது என்பதை. 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனி வரியின் அடிப்படை விகிதத்தை, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு, 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கியது. அதை 'டு 22' என்றும் எழுதலாம், 'பை 8' என்றும் எழுதலாம். அவசரத்தில் 'பை 22' என்று படித்துவிட்டால் வெறும் 8 சதவீதம்தான் வரி என்று நினைத்துக்கொள்வோம். பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் இழக்கிற இடமும் இதுதான்.

3. சதவீதம், சதவீதப் புள்ளி, அடிப்படைப் புள்ளி மூன்றையும் பிரித்துப் பழகுங்கள். 100 அடிப்படைப் புள்ளி ஒரு சதவீதப் புள்ளி. 6.50 ஆக இருந்த வட்டி 5.25 ஆனால் இறக்கம் 125 அடிப்படைப் புள்ளி. அதையே 'வட்டியில் 19 சதவீதம் கட்' என்று எழுதினாலும் கணக்கு பொய்யில்லை. எழுதுகிறவர் அரசைப் பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று பக்கத்தில் ஏறும்.

4. 'ரேட் கட்' வந்தவுடன் கடன்தாரரும் வைப்புத்தொகைக்காரரும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 2025 இல் நான்கு முறை குறைத்தது. பிப்ரவரியில் 6.50 லிருந்து 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதப் புள்ளி இறக்கி 5.50, டிசம்பரில் 5.25. ஒவ்வொரு முறையும் 'இ.எம்.ஐ. குறையும்' என்று தலைப்பு வந்தது. 30 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம், 8.50 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். கால் சதவீதப் புள்ளி குறைந்தால் சுமார் 25,560. மாதம் 470 ரூபாய் சொச்சம் மிச்சம்.

ஆனால் பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். மொத்த வட்டியைப் பார்த்தால் அதுதான் நமக்கு லாபம். கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துத் தவணையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் வாங்கிய, மாறும் வட்டியிலான வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் வட்டி திருத்தப்பட வேண்டும். அதற்கு முந்தைய பழைய கடன் என்றால் 'கட்' வந்து சேர நாளாகும். புதிய முறைக்கு மாற்றித் தருவார்களா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

மறுபக்கம், ஓய்வுபெற்று வைப்புத்தொகை வட்டியில் குடும்பம் நடத்துகிறவருக்கு இதே 'ரேட் கட்' ஒரு சம்பள வெட்டு. அவரைப் பற்றிய தலைப்பு அன்றைக்கு முதல் பக்கத்தில் வருவதில்லை.

5. ஒரே நாளில் இரண்டு 'கட்' வந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2025 ஜூனில் ரெப்போ குறைந்த அன்றே, வங்கிகள் ரிசர்வ் வங்கியில் ரொக்கமாகப் போட்டுவைக்க வேண்டிய பங்கையும் 4 சதவீதத்திலிருந்து 3 ஆக, நான்கு தவணையில் இறக்குவதாக அறிவித்தார்கள். இது வங்கியின் கையில் புழங்கும் பணத்தைக் கூட்டும். உங்கள் தவணையோடு நேரடித் தொடர்பு இதற்கு இல்லை.

6. எந்த 'கட்'டைப் பார்த்தாலும் 'எதிலிருந்து?' என்று கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பை மட்டும் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதானால் இதை ஒட்டலாம். இந்த வினைச்சொல் எவ்வளவு குறைந்தது என்பதை உரக்கச் சொல்லும், தொடங்கிய இடத்தை மென்று விழுங்கிவிடும்.

கச்சா எண்ணெயைப் பாருங்கள். கொரோனாவில் உலகமே முடங்கிய 2020 ஏப்ரலில், ஒபெக் நாடுகளும் ரஷ்யா முதலான கூட்டாளிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியை 'கட்' செய்வதாக அறிவித்தன. சவூதியும் ரஷ்யாவும் எந்த அளவிலிருந்து குறைக்கும்? இரண்டுக்கும் 110 லட்சம் பீப்பாய் என்று ஒரே தொடக்க அளவு. அது பேசி முடிவுசெய்த எண். அந்த நேரத்தில் சவூதி அதைவிட அதிகமாகவே இறைத்துக்கொண்டிருந்தது. 2022 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு, நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் 'கட்'. அப்போது பல உறுப்பு நாடுகள் தங்கள் ஒதுக்கீட்டையே எட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. எடுக்காத எண்ணெயை எடுக்க மாட்டோம் என்று அறிவித்தாலும் அது கணக்கில் 'கட்' ஆகிவிடும். உண்மையில் சந்தையிலிருந்து குறைந்தது அந்த 20 லட்சத்தைவிடக் குறைவு. ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பருவநிலைப் பேச்சில் இந்த வித்தை இன்னும் நுணுக்கமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2030 க்குள் 55 சதவீதம் 'கட்' என்கிறது, 1990 ஐ அடிப்படையாக வைத்து. பைடன் காலத்து அமெரிக்கா 50 முதல் 52 சதவீதம் என்றது, 2005 ஐ அடிப்படையாக வைத்து. ஐரோப்பாவில் 1990 க்குப் பிறகு கிழக்குப் பகுதித் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டதால் அந்த ஆண்டு அவர்களுக்கு வசதி. அமெரிக்காவின் புகை 2005 வாக்கில் உச்சத்தில் இருந்ததால் அவர்களுக்கு அது வசதி. இந்தியாவின் வாக்குறுதியும் 2005 ஐ வைத்து 45 சதவீதம்தான். ஆனால் அது மொத்தப் புகையில் இல்லை, ஒரு ரூபாய் உற்பத்திக்கு வெளிவரும் புகையில். உற்பத்தி பெருகினால் மொத்தப் புகை கூடிக்கொண்டே போகலாம், 'கட்'டும் நிறைவேறியிருக்கும். வளர வேண்டிய நாடு அப்படித்தான் பேச முடியும் என்பது என் எண்ணம். படிக்கிறவர் அதைத் தெரிந்து படிக்கட்டும்.

7. கூடிக்கொண்டே போகிற ஒன்றையும் 'கட்' என்பார்கள். 1995 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பிடித்த குடியரசுக் கட்சியினர், சபாநாயகர் நியூட் கிங்ரிச் தலைமையில், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டில் 7 ஆண்டுகளில் 27,000 கோடி டாலர் குறைக்கப் பார்த்தார்கள். 'இது கட்' என்றது அதிபர் கிளின்டனின் கட்சி. 'செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடத்தான் போகிறது, கூடும் வேகத்தைத்தான் குறைக்கிறோம், இது எப்படி கட் ஆகும்?' என்றார்கள் குடியரசுக் கட்சியினர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதியோர் எண்ணிக்கையும் மருந்து விலையும் ஏறுகிற வேகத்துக்கு ஈடாகப் பணம் ஏறாவிட்டால் நோயாளிக்குக் கிடைப்பது குறையும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் அரசு அலுவலகங்கள் இரண்டு முறை மூடிக் கிடந்தன.

பிரிட்டனில் இதற்கென்று ஒரு தொடரே வைத்திருக்கிறார்கள், 'ரியல் டெர்ம்ஸ் கட்'. பள்ளிக்கான நிதி 2 சதவீதம் ஏறி, விலைவாசி 5 சதவீதம் ஏறினால் அது வெட்டுதான். இதை நம் வீட்டுச் சம்பளத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். இன்கிரிமென்ட் வந்த மாதத்தில் போட வேண்டாம், மனசு கெடும்.

8. பணவீக்கம் 'கட்' ஆனால் விலை இறங்காது, ஏறும் வேகம் குறையும். வளர்ச்சிக் கணிப்பை 'கட்' செய்தார்கள் என்றால் பொருளாதாரம் சுருங்கிவிட்டது என்று பொருளில்லை. 7 என்றவர்கள் இப்போது 6.5 என்கிறார்கள், அவ்வளவுதான்.

9. பற்றாக்குறையை வெட்டுவதும் கடனை வெட்டுவதும் ஒன்றல்ல. பற்றாக்குறை என்பது இந்த ஆண்டு வரவுக்கு மேல் செலவழித்தது. கடன் என்பது இத்தனை ஆண்டும் சேர்ந்தது. பற்றாக்குறையைப் பாதியாக வெட்டினாலும் மீதிப் பாதி கடனில் போய்ச் சேரும். நம் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 2020-21 இல் உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்துக்கு மேல் போனது, பிறகு 5 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அந்த ஆண்டுகள் முழுக்க மொத்தக் கடன் தொகை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

தெரியாமல் மயங்குகிறவர்கள் உண்டு, தெரிந்தே மயக்குகிறவர்களும் உண்டு. 2013 ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் கட்சியின் தொலைக்காட்சிப் பிரசாரத்தில், நாட்டின் கடனை அடைத்துவருவதாகச் சொன்னார். அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையத்தின் தலைவர் ஆண்ட்ரூ டில்னாட் எழுத்து மூலம் கணக்கை எடுத்து வைத்தார். அரசின் நிகரக் கடன் 2010 இல் சுமார் 81,000 கோடி பவுண்டு, 2012 முடிவில் சுமார் 1.11 லட்சம் கோடி பவுண்டு. குறைந்திருந்தது பற்றாக்குறைதான்.

10. வெட்டியது யார் என்று தேடுங்கள். 'ஜாப்ஸ் வில் பி கட்' என்ற வாக்கியத்தில் வேலை போகிறது, அனுப்புகிறவரைக் காணோம். நம் ஊர் அலுவலகச் சுற்றறிக்கையில் வரும் 'முடிவு செய்யப்பட்டுள்ளது' இதற்குப் பங்காளி. வரிக் குறைப்புச் செய்தியாக இருந்தால் மட்டும் அமைச்சரின் பெயர் வாக்கியத்தின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும்.

11. 'கட்'டுக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பதிலேயே பேப்பரின் மனநிலை தெரியும். 'ட்ரிம்' என்றால் நகம் நறுக்கியது போல, வலி இல்லை. 'ஸ்லாஷ்' என்றால் ரத்தம் வந்திருக்கிறது. 'ஆக்ஸ்' என்றால் மரமே விழுந்தது, பிரிட்டிஷ் பேப்பர்களுக்கு இதில் தனி மோகம். வெட்டுகிறவர் தாமே எழுதும் அறிக்கையில் 'கட்' கிடைக்கவே கிடைக்காது. 'நிதி ஒருங்கிணைப்பு', 'திறன் மேம்பாட்டுச் சேமிப்பு', 'சீரமைப்பு', 'ரைட் சைஸிங்' என்றெல்லாம் போட்டிருக்கும். இவற்றைக் கண்டால் மேலே பென்சிலால் 'கட்' என்று எழுதிப் படித்துப் பாருங்கள், பத்தி சட்டென்று விளங்கும்.

12. அறிவித்த 'கட்' யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள். 2021 நவம்பரில் மத்திய அரசு உற்பத்தி வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. 2022 மேயில் மறுபடி 8, 6. அதற்கு முன்பே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் பங்குக்குப் பெட்ரோலில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்திருந்தது. இவையெல்லாம் பங்க் மீட்டரில் தெரிந்தன. 2020 மேயில் நடந்தது வேறு. கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்தபோது உற்பத்தி வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தினார்கள். சரிவு அரசு கஜானாவோடு நின்றுவிட்டது, பங்கில் விலை இறங்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 லிருந்து 5 ஆனதே, அந்தச் சமயத்தில் பழைய விலை அச்சடித்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்தவர்கள் புத்திசாலிகள்.

13. பின்னால் வரும் ஒட்டுச் சொல்லை விட்டுவிடாதீர்கள். 'கட் பேக்' என்றால் கொஞ்சம் குறைத்தார்கள், 'கட் ஆஃப்' என்றால் அடியோடு நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ரஷ்யா எரிவாயுவை 'கட் ஆஃப்' செய்தது. அங்கே 'குறைத்தது' என்று மொழிபெயர்த்தால் சேதியே மாறிவிடும்.

14. சில தொடர்களில் இது உண்டாக்குகிற வினை. 'கட் எ டீல்' என்றால் பேரம் படிந்தது, உடன்பாடு உண்டாயிற்று. அமெரிக்கர்கள் 'கட் எ செக்' என்றால் காசோலை எழுதிக் கொடுத்தார்கள். கூட்டணிச் செய்தியில் 'கட் எ டீல்' என்று படித்துவிட்டுக் கூட்டணி உடைந்ததாகச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. 'டுக் எ கட்' என்று வந்தால் கமிஷன் அடித்தார் என்று பொருள். அது பெரும்பாலும் ஊழல் செய்தியாகத்தான் இருக்கும்.

15. 'ஹேர்கட்' வணிகப் பக்கத்தில் வந்தால் கடன் கொடுத்தவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம். கொடுத்த கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது அது. 2012 மார்ச்சில் கிரீஸ் அரசின் கடன் பத்திரம் வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை இழந்தார்கள். நம் நாட்டில் திவால் சட்ட வழக்குகளில் வங்கிகளுக்கு அடிக்கடி நடக்கிறது. 2021 இல் வீடியோகான் வழக்கில் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவிருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. இது முடிவெட்டா, மொட்டையா என்று கேட்கும் வகையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமே உத்தரவில் எழுதியது. பிறகு மேல்முறையீட்டில் அந்த ஏற்பாடு ரத்தானது. மொட்டையடித்த முடியாவது திரும்ப வளரும்.

16. 'கட் மோஷன்' என்பது நம் சட்டமன்றச் செய்திகளில் வரும் வெட்டுத் தீர்மானம். மானியக் கோரிக்கை மீது எதிர்க்கட்சி கொண்டுவருவது. (இங்கே மானியம் என்பது துறைக்கு ஒதுக்கும் பணம், சமையல் எரிவாயு மானியம் போன்றதல்ல.) மக்களவையில் மூன்று வகை. கேட்ட தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொன்னால் அரசின் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொன்னால் சிக்கனம் செய் என்று பொருள். 100 ரூபாய் குறைக்கச் சொன்னால் ஒரு குறையைச் சபையில் பேச இடம் கேட்கிறார்கள். முதலாவதில் 'டு', மூன்றாவதில் 'பை', இரண்டாவது குறிப்பு இங்கே வேலைக்கு வருகிறது பாருங்கள். பல ஆயிரம் கோடி கோரிக்கையில் 100 ரூபாய் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் எந்த வெட்டுத் தீர்மானம் நிறைவேறினாலும் அரசுக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். 2010 ஏப்ரலில் விலை உயர்வை முன்வைத்து எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானங்களை மன்மோகன் சிங் அரசு வாக்கெடுப்பில் முறியடித்துத்தான் மூச்சு விட்டது.

17. 'கட் அண்ட் ரன்' வசைச்சொல். நங்கூரம் தூக்க நேரமில்லாமல் வடத்தையே வெட்டிவிட்டு ஓடுகிற கப்பலிலிருந்து வந்தது. இராக் போரிலிருந்து படைகளைத் திருப்பு என்று கேட்டவர்களை 2006 இல் புஷ் தரப்பு இப்படித்தான் ஏசியது. இதைச் செய்தியாளர் தம் சொல்லாக எழுதியிருந்தால் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

18. 'பவர் கட்' பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்கப் பேப்பரில் அது 'அவுட்டேஜ்'.

19. கடைசியாக, 'கட்'டுக்கு முன்னால் நிற்கும் அடைமொழியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். 'ஹாக்கிஷ் கட்' என்றால் வட்டியை இப்போது குறைக்கிறோம், அடுத்தமுறை எதிர்பார்க்காதே என்ற எச்சரிக்கை. 'அன்ஃபண்டட் டாக்ஸ் கட்' என்றால் வரியைக் குறைத்தார்கள், அந்த ஓட்டையை எந்தப் பணத்தால் அடைப்பது என்று சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் நிதியமைச்சர் க்வாசி க்வார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தபோது பல பேப்பர்கள் இந்த அடைமொழியைத்தான் முன்னால் போட்டன. பவுண்டின் மதிப்பு சரிந்தது. அரசுக் கடன் பத்திரங்களைக் காப்பாற்ற பேங்க் ஆஃப் இங்கிலாந்து அதே மாதம் 28 ஆம் தேதி களத்தில் இறங்கியது. வீட்டுக் கடன் வட்டி எகிறியது. அக்டோபர் 14 இல் அமைச்சர் நீக்கப்பட்டார். 'இந்தப் பிரதமர் முதலில் போவாரா, இந்தக் கீரை முதலில் வாடுமா?' என்று டெய்லி ஸ்டார் பத்திரிகை ஒரு லெட்யூஸை மேசைமேல் வைத்து நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பிரதமர் லிஸ் டிரஸ் 20 ஆம் தேதி விலகல் அறிவித்தார். லெட்யூஸ் வென்றது.